61 வயதில் கண்டம் தாண்டும் சைக்கிள் பயணம்: ஏற்காட்டில் இரண்டாம் நாள்

கேள்வி: "சேலத்தில் இருக்கிறேன். வயது 61, போன வருஷம் ஓய்வு பெற்றேன். 12 வருஷமாகச் சர்க்கரை, பி.பி. இரண்டுக்கும் மாத்திரை. தினமும் காலையில் 20 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். ஐரோப்பாவில் தொடங்கி இஸ்தான்புல் வரை, முடிந்தால் அதற்கப்பால் மத்திய ஆசியாவுக்கும் சைக்கிளில் போக ஆசை. மகன் வேண்டாம் என்கிறான். உடம்பு தாங்குமா? எந்த சைக்கிள்? எப்படித் தயாராவது?"

உடம்பு தாங்குமா என்பதற்கு டாக்டர் பாதிப் பதில் சொல்வார். மீதிப் பாதியைக் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கும் மலைச்சாலை சொல்லும். சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பயணத்துக்குக் கொண்டுபோகும் முழுச் சுமையையும் சைக்கிளில் கட்டி, ஒரு வாரநாள் காலையில் ஏறுங்கள். இறங்கி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலை அதே சுமையோடு மறுபடி ஏறுங்கள். முதல் நாள் யாரும் ஏறிவிடுவார்கள், ஆசையே ஏற்றிவிடும். இரண்டாம் நாள் எட்டாவது, ஒன்பதாவது வளைவில் கால் எப்படி இருக்கிறது, முட்டி என்ன சொல்கிறது, மூச்சு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அறுபதுக்கு மேல் பலம் குறைவதைவிட, செலவான பலம் திரும்பி வர ஆகும் நேரம்தான் பெரிய மாற்றம். பயணத்தின் எல்லா முடிவும், கியர், சுமை, ஒரு நாள் தூரம், ஓய்வு நாள், வழி எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

வயதைப் பற்றிய கவலைக்கு ஒரு ஆளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 2012இல் 100 வயதில் ஒரு மணி நேரத்தில் சுமார் 24 கி.மீ. ஓட்டினார். 2014இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கி.மீ. நடுவில் அவரைப் பரிசோதித்த விஞ்ஞானிகள், உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 31 மில்லியிலிருந்து 35 மில்லியாக ஏறியதைப் பதிவு செய்தார்கள். வருஷத்துக்குச் சுமார் 5,000 கி.மீ. ஓட்டினார், அதில் ஐந்தில் நான்கு பங்கு லேசாக, ஒரு பங்குதான் கடுமையாக. இந்த 80-20 விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்மூரில் தினமும் காலையில் ஓட்டுபவர்கள் செய்யும் தவறு நேர் எதிர்: தினமும் அரைகுறை வேகத்தில், அதே 20 கி.மீ., அதே மூச்சிரைப்பு. அது லேசும் இல்லை, கடுமையும் இல்லை. உடம்பு ஒரு அளவில் வந்து நின்றுவிடும்.

முதலில் டாக்டர். டிரெட்மில் டெஸ்ட், எக்கோ, சிறுநீரகப் பரிசோதனை, விழித்திரைப் பரிசோதனை நான்கும் தேவை. 12 வருஷச் சர்க்கரைக்கு விழித்திரையைப் பார்க்காமல் மலை ஏறக் கூடாது. அங்கே புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் மூச்சைப் பிடித்து அழுத்தும்போது கசிய வாய்ப்புண்டு. பாதத்தில் உணர்ச்சி எப்படி என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி மங்கிய பாதத்தில் ஷூ கடித்த கொப்புளம் மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கிளிமிபிரைடு வகை இருந்தால் ஓட்டும்போதும், அன்று இரவு தூக்கத்திலும் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் வகை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுவது. வெயிலில் நீர் வறட்சியைக் கூட்டும், பிறப்புறுப்புப் பகுதியில் பூஞ்சைத் தொற்றுக்கு இடம் கொடுக்கும். நாளெல்லாம் சீட்டில் வியர்வையோடு உட்காருபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பி.பி.க்கு 'தண்ணி மாத்திரை' சேர்ந்திருந்தால் வறட்சி இன்னும் வேகம் எடுக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். "தினமும் ஐந்து மணி நேரம் சைக்கிள், இரண்டு மாதம்" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி அளவைத் திருத்தி வாங்குங்கள். 'கொஞ்சம் சைக்கிள் ஓட்டுவேன்' என்று சொன்னால் அவர் காலை நடையைத்தான் மனதில் வைப்பார்.

கிளம்பும் முன் சர்க்கரை 100க்குக் கீழ் இருந்தால் சாப்பிடாமல் ஏறாதீர்கள். வழியில் கை நடுங்கினால், காரணமில்லாமல் எரிச்சல் வந்தால், உடனே நின்று 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் அந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பொட்டலம் ஹாண்டில்பார் பையில் இருக்கட்டும். பின்பைக்கு அடியில் இருந்தால் எடுக்கும் நிதானம் அப்போது இருக்காது.

நாடித்துடிப்பு: 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்ச அளவு தோராயமாக வரும். 61க்கு அது 165. லேசான நாள் என்பது அதில் 70 சதவீதத்துக்குள், அதாவது 115 சுற்றி. ஆனால் பி.பி.க்கு மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. மருந்தே துடிப்பை அமுக்கிவிடும். அப்போது பேச்சுதான் அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிந்தால் லேசு. நான்கைந்து சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் கடுமை.

இப்போது கியர். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள். கடையில் 'டூரிங்' என்று விற்கும் பல சைக்கிள்கள் அறுபது வயதுக்காரர் சுமையோடு மலை ஏறும் கியரோடு வருவதில்லை.

கணக்கு இப்படி. நீங்கள் 70 கிலோ, சைக்கிள் 15, சுமை தண்ணீரோடு 20, ஆக 105 கிலோ. 1,200 மீட்டர் உயரத்துக்கு இதைத் தூக்க வேண்டும். பயிற்சியுள்ள அறுபது வயதுக்காரர் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் உழைப்பு 100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் தூக்க மட்டும் சுமார் 3 மணி 25 நிமிடம், டயர் உராய்வோடு நான்கு மணி நேரம் வரும். சுமை இல்லாமல் என்றால் முக்கால் மணி நேரம் மிச்சம். ஆக 5, 6 சதவீத ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு ஐந்தரை கி.மீ. வேக நடையைவிடத் துளி குறைவு! அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் முட்டியின் தலைவிதி. முன்பல் எண்ணிக்கையைப் பின்பல்லால் வகுத்து, சக்கர விட்டத்தால் பெருக்குங்கள். 700சி சக்கரம் டயரோடு சுமார் 27 இன்ச். கடை ஹைபிரிட் சைக்கிள்களில் பரவலாக உள்ள 28க்கு 34 போட்டால் 22 இன்ச் வரும். ஒரு பெடல் சுற்றுக்கு சைக்கிள் 1.75 மீட்டர் நகரும். ஐந்தரை கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் வருகிறது. ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது மாதிரி முட்டிச் சிரட்டையில் விழும். 22க்கு 34 போட்டால் 17.5 இன்ச். அதே வேகம், அதே உழைப்பு, ஆனால் நிமிடத்துக்கு 65 சுற்று. இருபது வயதில் 50 சுற்றில் நின்று மிதித்துத் தப்பிக்கலாம். அறுபதில் அந்தக் கணக்கு இரண்டாம் நாள் வட்டியோடு திரும்பி வரும். சிறிய கியர் 18 இன்ச்சுக்குக் கீழே இருக்க வேண்டும், இதில் பேரம் வேண்டாம்.

இருக்கிற சைக்கிளிலேயே மாற்றலாம். 44-32-22 பல் வரும் மலை சைக்கிள் கிராங்க் செட் வாங்குங்கள், அதற்கேற்ற நீளத்தில் பி.பி. அச்சு (இது ரத்தக்கொதிப்பு இல்லை, பெடல் சுழலும் அச்சு). பெரிய முன் பல்சக்கரம் 48 பல்லிலிருந்து 44 ஆவதால் முன் டிரெயிலரை (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) அந்த அளவுக்குக் கீழே இறக்க வேண்டும்; இறக்காமல் விட்டால் செயின் வெளியே விழும். பின் டிரெயிலர் நீளக் கூண்டு வகையாக இருக்கட்டும். செயின் நீளத்தைப் பெரிய முன்பல், பெரிய பின்பல் இரண்டிலும் மாட்டி, டிரெயிலர் வழியாகப் போடாமல் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி கூட வைத்து வெட்டுங்கள். குறைத்து வெட்டினால் ஒரு நாள் தெரியாமல் பெரியதுக்குப் பெரியது போடும்போது டிரெயிலர் பிய்த்துக்கொண்டு போகும், அது பெரும்பாலும் ஊர் இல்லாத இடத்தில்தான் நடக்கும்.

ஃபிரேம் விஷயத்தில் ஒரு சொந்தக் கருத்து: ஸ்டீல், மேல் குழாய் தாழ்ந்தது. பலரும் 'லேடீஸ் சைக்கிள்' என்று ஒதுக்குவார்கள். ஆனால் இந்த வயதில் விழுவது ஓடும்போதைவிட நிற்கும்போது அதிகம். பின்னால் உயரமாகக் கட்டிய சுமைக்கு மேல் காலைத் தூக்கிப் போட முடியாமல் இடுப்பு தடுக்கி, 35 கிலோ வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தால் இடுப்பெலும்புக்கே ஆபத்து. சைக்கிள் ஓட்டுவது இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவாக இல்லை. உடம்பு எடை எலும்பில் விழாத உழைப்பு அது. அதனால் வாரம் இரண்டு நாள் படி ஏறுவதும், எடை தூக்குவதும், ஒற்றைக்காலில் நிற்பதும் பயிற்சியில் சேரட்டும். ஏறும்போது வண்டியை உங்கள் பக்கம் சாய்த்து, இரண்டு பிரேக்கையும் பிடித்து, குழாய்க்கு மேல் காலை முன்பக்கமாக எடுத்துப் போடுங்கள்.

சீட் உயரம்: செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டில் இறுக்கமாக வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. முன்பு சொன்ன பி.பி. அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல் வரை இந்த அளவு, தொடக்கமாக. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றியபின் மூன்று நாள் பொறுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கை நரம்பு நசுங்குகிறது: ஹாண்டிலை உயர்த்துங்கள், சீட் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. தையல்தான் புண்ணை உண்டாக்கும். சாயங்காலம் இறங்கிய உடனே துவைத்துவிட வேண்டும். அதனால் இரண்டு போதாது, மூன்று.

சுமைக்கு இரண்டு பின்பை, ஒரு ஹாண்டில் பை போதும். 20 கிலோவுக்கு மேல் போனால் எதையோ பயத்தில் எடுத்திருக்கிறீர்கள். கனமானது கீழே, உடம்புக்கு அருகில். கேரியர் ஸ்டீலாக இருக்கட்டும். முறிந்தால் எந்த ஊர் பட்டறையிலும் பற்றவைக்கலாம், அலுமினியத்தைப் பற்றவைக்க ஆள் தேட வேண்டும். கேரியரைப் பிடிக்கும் எம்5 போல்ட் அதிர்வில் தளர்ந்து விழும். ஒவ்வொரு ஞாயிறும் முடுக்குங்கள், நான்கு உதிரி வைத்திருங்கள். கூடாரமா விடுதியா என்றால், முட்டி ஒத்துழைக்காதவர் பாதிக்குப் பாதி திட்டமிடுங்கள். கூடாரம் எடுத்தால் தரை மெத்தை 8 செ.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது. இரவில் இரண்டு தடவை எழும் வயது என்பதால் அகல வாய் பாட்டில் ஒன்று, வேறு நிற மூடியோடு. சிரிக்க வேண்டாம், 5 டிகிரி குளிரில் ஜிப்பைத் திறக்கும்போது புரியும்.

டயர் 700க்கு 40 (அகலம் 40 மி.மீ.) அல்லது அதற்கு மேல், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளது. அது எவ்வளவு தாங்கும் என்பதை நம்மூர் சீமைக்கருவேல முள்ளே சோதித்துச் சொல்லிவிடும். முன்டயரைவிடப் பின்டயருக்குக் காற்று கூட வேண்டும், சுமையில் பெரும்பங்கு அங்கேதான். பஞ்சர் ஒட்டியபின் முள்ளின் நுனி டயருக்குள் இருக்கிறதா என்று விரலால் அல்ல, பஞ்சு உருண்டையால் தடவுங்கள். சிக்குமிடத்தில் இருக்கும்.

ஸ்போக்ஸ் கம்பி உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், பல்சக்கரம் இருக்கும் பக்கம், வளைவுக் கழுத்தில். சுமையைவிடத் தளர்வே காரணம். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து களைத்து முறிகிறது. புதுச் சக்கரத்தை 300 கி.மீ. ஓட்டியதும் ஒரு தடவை இழுவை சரிபார்க்க வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. 36 கம்பிச் சக்கரம் போடுங்கள், ஒவ்வொரு நீளத்திலும் மூன்று உதிரி, கேசட் (பின்பல் தொகுதி) கழற்றும் கருவி. அந்தக் கருவி இல்லாமல் அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்றவே முடியாது.

செயின் தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம், இன்ச் அளவுள்ள ஸ்டீல் ஸ்கேல் போதும். புதுச் செயினில் 12 இன்ச்சுக்குள் 24 கண்ணி சரியாக அடங்கும். கண்ணியை இணைக்கும் ஆணி 12 இன்ச் கோட்டைத் தாண்டி பதினாறில் ஒரு இன்ச் போனால் செயினை மட்டும் மாற்றுங்கள். எட்டில் ஒரு இன்ச் போனால் பின்பல்லும் அதோடு கெட்டுப்போயிருக்கும், புதுச் செயின் போட்டாலும் வழுக்கும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியைச் சேர்த்துக் குழம்பாக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வேண்டும். மேலே தூக்கிய ஆற்றலில் பெரும்பங்கைக் கீழே வரும்போது பிரேக் சூடாக்கித்தான் கரைக்க வேண்டும். 105 கிலோவுக்கு மொத்த ஆற்றல் ஏறத்தாழ 12 லட்சம் ஜூல். நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்கு அருகில் கொண்டுபோகும் வெப்பம். பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம், டிஸ்க்கில் கட்டை வழவழப்பாகிப் பிடிக்காது. வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொல்லுங்கள், விடுங்கள், காற்றில் ஆறட்டும். நான்கைந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று, டிஸ்க்கைத் தொடாமல், பக்கத்தில் கை வைத்து வெப்பம் பாருங்கள். கொண்டை ஊசியில் ஏறி வரும் பஸ் முழு அகலத்தையும் எடுக்கும், ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். ஏற்காட்டுப் பாதையில் குரங்கு அதிகம், கேரியரில் வாழைப்பழத்தைத் தொங்க விட்டுக்கொண்டு போகக் கூடாது.

பயிற்சிக்கு ஆறு மாதம். ஜூலை தொடக்கத்தில் ஐரோப்பாவில் கிளம்புவதாக வைத்தால் ஜனவரியில் ஆரம்பியுங்கள். முதல் எட்டு வாரம் சமதளம், வாரத்துக்கு நான்கு நாள், சுமை இல்லாமல். வாரத் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள், நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஆத்தூர்ப் பக்கமும் மேட்டூர்ப் பக்கமும் உள்ள கிராமச் சாலைகள் இதற்குப் போதும். தொப்பூர் கணவாய்ப் பக்கம் மட்டும் வேண்டாம், லாரிகள் பிரேக் இழந்து மோதும் இடம் அது. மார்ச்சில் சுமையைச் சேருங்கள்: 8 கிலோ, பிறகு 14, பிறகு 20. பத்தாவது வாரத்திலிருந்து மலை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. சனி, ஞாயிறு கார்க் கூட்டம், மே மாதக் கோடை விழாவில் சொல்லவே வேண்டாம். செவ்வாயோ புதனோ காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருங்கள். குப்பனூர் வழியில் வண்டி குறைவு, ஆனால் இடையிடையே ஏற்றம் கடுமை. கியர் மாற்றிய பிறகு போங்கள். மேலே ஒரு இரவு தங்க முடிந்தால் மறுநாள் ஏற்காட்டைச் சுற்றும் 32 கி.மீ. வட்டச்சாலையை ஓட்டலாம். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் அந்தச் சாலைதான் பால்கன் நாடுகளின் சாலைக்கு நெருங்கிய உறவு. மே மாத இறுதியில், தொடக்கத்தில் சொன்ன இரண்டு நாள் சோதனை. ஜூனில் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 60 கி.மீ. சுமையோடு, ஒரு நாள் ஓய்வு, மறுபடி மூன்று நாள்.

சாப்பாட்டில் நம் பக்கத்துக் குறை, புரதம். வயதான தசை ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராமாவது கிடைத்தால்தான் சரியாகப் பழுதுபார்க்கும். 70 கிலோவுக்கு 28 கிராம். நான்கு இட்லி, சாம்பாரில் அதில் பாதிகூட வராது. சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் முட்டை, சுண்டல், தயிர், பனீர் சேருங்கள். ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. இரண்டு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ போதும். தட்டுவடை செட் இறங்கி வந்தபின். தண்ணீர் எவ்வளவு என்பதை உடம்பிடமே கேளுங்கள்: கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள், குடித்ததைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கிலோ குறைவுக்கு ஒரு லிட்டர். சேலத்து ஏப்ரல் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டரைத் தொடுவது சாதாரணம். ஓ.ஆர்.எஸ். உப்பு நிறைந்தது. பி.பி.க்காரர் அதை நாளெல்லாம் பானமாகக் குடிக்காமல், கடுமையாக வியர்த்த நாளில் ஒரு லிட்டரோடு நிறுத்துவது நல்லது.

இனி வழி. தரைவழியாக சேலத்திலிருந்தே மேற்கே போகும் கனவை விட்டுவிடுங்கள், எல்லைகள் விடாது. முதல் பயணமாக ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து டான்யூப் கரையோரம் வியன்னா, புடாபெஸ்ட், பெல்கிரேட், பிறகு நிஷ், சோஃபியா, பிலோவ்திவ், எதிர்னே வழியாக இஸ்தான்புல். மொத்தம் 2,100 முதல் 2,300 கி.மீ. பாஸாவிலிருந்து வியன்னா வரை சுமார் 320 கி.மீ. கிட்டத்தட்டச் சமதளம், தனிப்பாதை. உடம்பு பழக அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. நாளுக்கு 60 கி.மீ., வாரத்தில் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 300. ஏழெட்டு வாரம். இளைஞர்கள் நாளுக்கு 100 போவார்கள், அவர்களோடு போட்டி போட்டால் ஆறாம் நாள் படுக்கை. அக்டோபருக்கு முன் பெல்கிரேடைத் தாண்டிவிடுங்கள். இலையுதிர் காலத்திலிருந்து தென்கிழக்கே இருந்து 'கோஷாவா' என்ற காற்று எதிர்முகமாக அடிக்கும், எதிர்க்காற்று முடியாத ஏற்றம் மாதிரி. இஸ்தான்புல்லுக்குள் நுழையும் கடைசி 60, 70 கி.மீ.யைப் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், அந்த நெடுஞ்சாலையில் நிரூபிக்க ஒன்றுமில்லை.

விசாவில் பலர் சறுக்குவது இங்கே: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாள். செர்பியா அந்த வட்டத்துக்கு வெளியே, பல்கேரியா 2025 ஜனவரி முதல் முழுமையாக உள்ளே. ஆக ஒருமுறை வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள், பலமுறை நுழைவு விசா இல்லையென்றால் பல்கேரிய எல்லையில் நிற்பீர்கள். அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து போடலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் சைக்கிள் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பி.பி. சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். துருக்கியின் இ-விசா, கையில் செல்லுபடியாகும் ஷெங்கன் போன்ற விசா இருந்தால்தான் இந்தியருக்குக் கிடைக்கும், அது காலாவதியாகும் முன் துருக்கிக்குள் நுழைய வேண்டும். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப் பெயரோடு. டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரையோ இருமல் சிரப்போ பையில் இருக்கவே கூடாது. வளைகுடா விமான நிலையத்திலும் மத்திய ஆசியாவிலும் அது போதைப்பொருள் வழக்கு.

மத்திய ஆசியா இரண்டாம் வருஷத்துக்கு. இடையில் அஜர்பைஜான் 2020இல் பயணிகளுக்குத் தரை எல்லைகளை மூடியது, பல தடவை நீட்டித்தது. திறந்ததா என்று பார்க்காமல், அங்கிருந்து காஸ்பியன் கடலைத் தாண்டும் கப்பலைத் திட்டமிட வேண்டாம். தஜிகிஸ்தான் மலைகள் வழியாகப் போகும் பாமீர் நெடுஞ்சாலை ஆசையிருந்தால் கிர்கிஸ்தானின் ஓஷ் பக்கமிருந்து தொடங்காதீர்கள், சில நாளிலேயே 4,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிடும். துஷான்பேயிலிருந்து கோரோக் வழி மெதுவாக ஏறும். ஆனாலும் அக்பைதால் கணவாய் 4,655 மீட்டர். 3,000க்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். இதய டாக்டர் தனியாகச் சம்மதிக்காமல் அங்கே போக வேண்டாம். தஜிகிஸ்தான் விசாவோடு பதக்‌ஷான் பகுதிக்கான அனுமதியையும் சேர்த்து வாங்க வேண்டும்.

விமானத்தில் ஏற்ற, சைக்கிள் கடையில் புது வண்டி வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பெடல் கழற்றும்போது இடது பெடலின் மரை எதிர்ப்புறம், வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். பின் டிரெயிலரை அவிழ்த்து ஃபிரேமுக்கு உள்ளே கட்டிவிடுங்கள், அடிபட்டு வளைவது அதுதான். பவர்பேங்க் கைப்பையில், 100 வாட்-மணிக்குள். 20,000 மில்லி ஆம்பியர் என்றால் 74தான், பயமில்லை. மின்சார சைக்கிளின் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வேண்டுமென்றால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள், டான்யூப் கரையில் கிடைக்கும். வாடகை வண்டியில் ஒன்று: நம்மூரில் பெரும்பாலும் வலது கை முன்பிரேக், அங்கே பெரும்பாலும் இடது கை. பழக்கத்தில் அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும்.

அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வண்டி பின்னாலிருந்து இடப்பக்கமாக வரும், ஆகவே கண்ணாடியை இடது ஹாண்டிலுக்கு மாற்றுங்கள். கழுத்து திரும்புவது குறைந்த வயதில் கண்ணாடி இல்லாமல் ஓட்டவே கூடாது. சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இந்தப் பிசகு முதல் நாளைவிட மூன்றாம் நாள், பழகிவிட்டது என்று நினைக்கும்போது, காலை வெறிச்சோடிய சாலையில்தான் நடக்கும். ஹாண்டிலில் வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி ஒன்றை டேப்பில் ஒட்டிக்கொண்டால் போதும்: 'இந்தப் பக்கம் ஓட்டு'.

மகனுக்கு: தினமும் மாலை தங்குமிடம் சேர்ந்ததும் ஒரு செய்தி. வரவில்லை என்றால் எத்தனை மணி நேரம் பொறுத்து யாருக்குப் போன் செய்வது என்பதை முன்பே எழுதிக் கொடுங்கள்: காப்பீட்டின் 24 மணி நேர எண், அந்தந்த நாட்டு இந்தியத் தூதரக எண், மருந்துப் பட்டியல், ரத்த வகை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதி ஒரு அட்டையை ஹெல்மெட்டுக்குள் ஒட்டுங்கள்; அப்படிப்பட்டவர் தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மே மாத இறுதியில் அந்த இரண்டாம் நாள் ஏற்றத்துக்கு மகனையும் ஒரு பைக்கில் பின்னால் வரச் சொல்லுங்கள்.